பழையதைத் திருத்துவதா, தள்ளிவிடுவதா?

ஹற்றனுக்கு அப்பாலுள்ள ஒரு தோட்டப் பாடசாலைக்குச் சில காலத்துக்கு முன்னர் சென்றிருந்தேன். அதிபரின் அறைக்கு அடுத்த சிறிய அறையில், பிளாஸ்டிக் உறை போர்த்திய ஆறு கணினிகள் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. அவற்றுக்கு மேலே சுவரில், அவற்றை அன்பளிப்புச் செய்த கொழும்பு நிறுவனமொன்றின் பெயர்ப்பலகை பளபளவென்று மின்னியது. பிள்ளைகள் இவற்றைப் பாவிக்கிறார்களா என்று கேட்டேன். ஆசிரியர் சங்கடத்துடன் சிரித்தார். "வந்த புதிதில் ரெண்டு மாதம் ஓடியது பாதர். பிறகு ஒவ்வொன்றாக நின்றுவிட்டது. கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினோம். எல்லாம் பழைய விண்டோஸ், இனி வேலைக்கு ஆகாது, தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்."

அதே தோட்டத்தில் பிறந்து, நகரத்தில் கணினி திருத்தும் வேலை பழகிய இரு இளைஞர்கள் பின்னர் ஒரு விடுமுறையில் வந்தார்கள். ஆறு கணினிகளையும் பிரித்து, நல்ல பாகங்களைத் தெரிந்தெடுத்து, நான்கு கணினிகளாகப் பூட்டி, வேறோர் இயங்குதளத்தை ஏற்றி ஓடவைத்தார்கள். பிள்ளைகளுக்குப் பெருமகிழ்ச்சி. அன்று பாடசாலையில் ஒரு சிறு கூட்டம் நடந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். மலையிலிருந்து வேலை முடிந்து நேரே வந்திருந்த ஒரு தகப்பன் மட்டும் எழுந்து நின்றார். "எல்லாம் நல்லதுதான் சாமி. ஆனா எங்க புள்ளைங்களுக்கு எப்பவும் பழசுதானா?"

அந்தக் கேள்விக்கு அன்று நான் தக்க பதில் சொல்லவில்லை. பொறுமை, நன்றியறிதல் என்று ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். வீடு திரும்பும் வழியெல்லாம் அக்கேள்வி என்னுடனேயே வந்தது. பழையதைத் திருத்திப் பாவிப்பது புண்ணியமா, அல்லது ஏழைக்கு இது போதும் என்ற எண்ணத்துக்கு நாம் சூட்டிக்கொள்ளும் அழகான பெயரா? வாசக நேயர்களுடன் சேர்ந்து இதனைச் சற்று நிதானமாகச் சிந்திக்க விரும்புகிறேன்.

பழையதாவது எது?

கணினி என்று நாம் சொல்வதில் இரண்டு கூறுகள் உண்டு. ஒன்று கையால் தொடக்கூடிய இரும்பும் செம்பும் சிலிக்கனும். மற்றது, அந்தப் பொருட்களுக்கெல்லாம் கட்டளையிட்டு வேலை வாங்கும் இயங்குதளம். பாடசாலை நூல்கள் இதனைப் பணிசெயல் முறைமை என்று அழைக்கின்றன. நாம் தட்டும் எழுத்தைத் திரைக்குக் கொண்டுவருவதும், எழுதியதைச் சேமித்து வைப்பதும், அச்சுப்பொறியை இயக்குவதும் இதன் பணியாகும். சடப்பொருள், உருவம் என்று அரிஸ்டோட்டிலும் புனித தோமஸ் அக்குவைனாசும் வகுத்த பிரிவு, மெய்யியல் படித்தவர்களுக்கு இங்கே நினைவுக்கு வரலாம். உவமைதான், ஆயினும் பயனுள்ள உவமை. ஏனெனில், ஒரு கணினி பழையதாகிவிட்டது என்று யாராவது சொன்னால் நாம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, பழையதானது எந்தக் கூறு என்பதுதான்.

பெரும்பாலும் இரும்பு தேய்வதற்கு முன்பே கட்டளை காலாவதியாகிவிடுகிறது. 2001 ஒக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பிக்கு, 2014 ஏப்ரல் 8ஆந் திகதியுடன் மைக்ரோசொப்ட் கம்பனி தன் ஆதரவை நிறுத்தியது. 2009இல் வந்த விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14 கடைசி நாளாயிற்று. 2015இல் வந்த விண்டோஸ் 10க்கு 2025 ஒக்டோபர் 14 அந்நாளாயிற்று. கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் தனியாகப் பதிந்துகொண்ட வீட்டுப் பாவனையாளருக்கு 2026 ஒக்டோபர் 13 வரை தவணை கொடுக்கப்பட்டது. அடுத்ததாக வந்த விண்டோஸ் 11ஐ ஏற்றுவதற்குக் குறிப்பிட்ட ஒரு பாதுகாப்புச் சில்லும் புதிய வகை மையச் செயலியும் வேண்டும் என்று விதித்தார்கள். அதனால் 2017க்கு முற்பட்ட பெரும்பாலான கணினிகள், நல்ல நிலையில் இருந்தும், வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டன.

ஆதரவு நின்றது என்றால் கணினி அன்றிரவே நின்றுவிடும் என்பதல்ல. விளக்கு எரியும், எழுத்து அடிக்கலாம். ஆனால் இயங்குதளத்தில் கள்வர் புகக்கூடிய ஓட்டைகள் ஓயாமல் கண்டுபிடிக்கப்பட்டுக்கொண்டேயிருக்கின்றன. முன்னர் அவற்றை அடைக்கும் ஒட்டுகளைக் கம்பனி மாதந்தோறும் அனுப்பியது, இனி அனுப்பாது. கூரையில் ஓட்டை விழுந்தால் வந்து அடைத்துக்கொண்டிருந்தவர், இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்ட வீட்டைப் போன்றது அது.

தொழிற்சாலையின் இரும்பும் மேசையின் இரும்பும்

மலைநாட்டிலே பழைய இயந்திரம் என்பது புதுமையான சங்கதியல்ல. அயர்லாந்துத் தீவின் பெல்பாஸ்ட் நகரில் சாமுவேல் டேவிட்சன் என்பவர் 1881இல் தொடங்கிய தொழிலகத்தில் செய்யப்பட்ட 'சிறோக்கோ' தேயிலை உலர்த்திகள் இலங்கையின் தோட்டங்களுக்குக் கப்பலேறி வந்தன. அக்காலத்து ஆங்கிலேயக் கம்பனிகளின் பெயர் பொறித்த வார்ப்பிரும்பு இயந்திரங்களைப் பழைய தேயிலைத் தொழிற்சாலைகளில் பார்த்தவர் பலர். அவை தலைமுறை தலைமுறையாக ஓடியமைக்குக் காரணம் என்ன? உறுதியான இரும்பு என்பது பாதிக் காரணம். மறு பாதி, தொழிற்சாலை மெக்கானிக்கின் கை. பல்சக்கரம் உடைந்தால் அவர் அதைக் கழற்றிப் பார்ப்பார், அளவெடுப்பார், கடைசற் பட்டறையில் புதிதாகக் கடைந்து பூட்டுவார். அந்த இயந்திரத்தைச் செய்தவர் மறைந்து நூறாண்டு கழிந்தாலும், திருத்துபவருக்கு அவருடைய அனுமதி தேவைப்படுவதில்லை. இயந்திரம் தன் உள்ளுறுப்பை ஒளித்து வைக்கவில்லை.

கணினியின் இயங்குதளமோ பெரும்பாலும் பூட்டிய பெட்டி. அதன் மூலநிரலை, அதாவது அது எவ்வாறு இயங்க வேண்டும் என்று மனிதர் எழுதிய மூல எழுத்தை, கம்பனி வெளியிடுவதில்லை. ஆகவே வாங்கியவருக்கு அதனைப் பாவிக்கும் உரிமை உண்டு. திருத்தும் ஆற்றல் இல்லை. அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற நிரலாளர் 1980ஆம் ஆண்டளவில் இதனை நேரில் கண்டார். அவருடைய ஆய்வுகூடத்து அச்சுப்பொறியில் கடதாசி அடிக்கடி சிக்கிக்கொண்டது. நிரலைச் சற்றுத் திருத்தினால், சிக்கியதைப் பாவனையாளருக்கு உடனே அறிவிக்கச் செய்யலாம் என்று எண்ணி, மூலநிரல் வைத்திருந்த ஒருவரிடம் அதனைக் கேட்டார். யாருக்கும் தருவதில்லை என்று கம்பனிக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று அவர் மறுத்துவிட்டார். தொழில் தெரிந்தவர், திருத்த மனமுள்ளவர், ஆனால் திருத்த முடியாமல் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று. இதில் ஒரு பெரிய அறக்கேடு இருக்கிறது என்று அவர் கண்டார். எவரும் படித்து, திருத்தி, பிறருக்கும் கொடுக்கக்கூடிய ஓர் இயங்குதளத்தை உருவாக்கும் முயற்சியை 1983இல் அறிவித்தார். 1991இல் பின்லாந்து மாணவரான லீனஸ் டோர்வால்ட்ஸ், தமது 21ஆவது வயதில், லினக்ஸ் என்ற கருநிரலை வெளியிட்டார். இவ்விரண்டும் சேர்ந்ததன் வழிவந்தவைதான் இன்று பழைய கணினிகளுக்கு உயிர் கொடுக்கும் இயங்குதளங்களுட் பல.

இது வெளிநாட்டார் சங்கதி என்று எண்ண வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை எம் கரைகளைச் சூறையாடியபோது, காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரணப் பொருட்களையும் பதிவுசெய்ய இலங்கைக் கணினி வல்லுநர்கள் தொண்டர்களாகக் கூடி 'சஹானா' என்ற மென்பொருளை எழுதினார்கள். அதன் மூலநிரலைத் திறந்து வைத்தபடியால், அடுத்த ஆண்டே பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போது அங்குள்ளோர் தமது தேவைக்கேற்ப அதனைத் திருத்திப் பாவிக்க முடிந்தது. கண்டிக்கு அருகேயுள்ள ஹந்தானை மலையின் பெயரைச் சூடிய ஒரு லினக்ஸ் பதிப்பும் இலங்கையரால் உருவாக்கப்பட்டது.

தள்ளிவிடு என்போரின் நியாயம்

எனினும் பழையதெல்லாம் நல்லது என்று பேசுவது பொறுப்பற்ற பேச்சாகும். தள்ளிவிடு என்று சொல்பவரிடமும் வலுவான நியாயம் உண்டு.

2017 மே 12ஆந் திகதி 'வொன்னாக்ரை' என்ற கெடுநிரல் உலகெங்கும் பரவியது. கணினியிலுள்ள கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறப்பதற்குப் பணம் கேட்டது. 150 நாடுகளில் 2 இலட்சத்துக்கு மேற்பட்ட கணினிகள் அகப்பட்டன. இங்கிலாந்தின் அரச வைத்தியசாலைகளில் ஏறத்தாழ 19,000 நோயாளர் சந்திப்புகள் இரத்தாகின என்று பின்னர் மதிப்பிடப்பட்டது. கவனிக்க வேண்டியது என்னவெனில், அந்த ஓட்டையை அடைக்கும் ஒட்டு, ஆதரவிலிருந்த பதிப்புகளுக்கு மார்ச் மாதத்திலேயே வெளியிடப்பட்டுவிட்டது. அகப்பட்டவற்றுள் மிகப் பெரும்பாலானவை அந்த ஒட்டைப் போடாது விட்ட விண்டோஸ் 7 கணினிகளே. அங்கே கெடுதல் செய்தது முதுமை மாத்திரமல்ல, அசட்டையும்தான்.

எமது நாட்டிலும் நடந்தது. 2023 ஓகஸ்ட் மாத இறுதியில் இலங்கை அரசாங்கத்தின் மின்னஞ்சல் முறைமை இதே வகையான தாக்குதலுக்கு உள்ளானது. ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் பல அலுவலகங்களுக்கு மீளக் கிடைக்கவில்லை. அங்கே ஓடிக்கொண்டிருந்தது 2013ஆம் ஆண்டின் பதிப்பு. அதற்குரிய ஆதரவு அவ்வாண்டு ஏப்ரலிலேயே முடிந்திருந்தது. பணத் தட்டுப்பாட்டினாலும் வேறு தீர்மானங்களினாலும் புதுப்பித்தல் தள்ளிப்போனதாகப் பொறுப்பான நிறுவனமே கூறியது. மாற்றுப் பிரதியும் அக்காலத்துக்கு இருக்கவில்லை.

இவற்றிலிருந்து ஓர் அறவுண்மை தெளிவாகிறது. இணையத்தில் இணைந்த கணினி, தனிமனிதனின் அலமாரியைப் போன்றதல்ல. அது லயத்துச் சுவரைப் போன்றது. என் காம்பிராவில் நெருப்புப் பிடித்தால் அடுத்த காம்பிராவுக்கும் பரவும். என் பொருள், என் விருப்பம் என்று சொல்லிப் பாதுகாப்பற்ற கணினியை இணையத்தில் விட்டு வைப்பவர், அயலவரின் கணினியைத் தாக்குவதற்கும் தம்மையறியாமல் கள்வனுக்கு வழி திறந்து வைக்கிறார். சிக்கனம் நற்பண்புதான், அதன் செலவை அயலவன் தலையில் கட்டும்போது அது நற்பண்பாகாது.

வைத்திரு என்போரின் நியாயம்

மறுபக்கத்தையும் பார்ப்போம். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. புதிய கணினியொன்றின் விலை 135,000 ரூபா என்று வைத்துக்கொண்டால், அது அச்சம்பளத்தில் 100 நாள் வேலை. நூறு நாளும் அரிசியும் மாவும் மண்ணெண்ணெயும் வாங்காமல் இருந்தால்தான் அந்தப் பணம் மிஞ்சும். 2022இல் நாடு கடனைக் கட்ட முடியாமல் நின்ற ஆண்டில், மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவிலிருந்த டொலரின் விலை மே மாதத்தில் 360 ரூபா அளவுக்கு ஏறியது. இறக்குமதியாகும் பொருளெல்லாம் அதனோடு ஏறின. அதற்கு முந்திய இரண்டாண்டுகளில்தான் பாடசாலைகள் மூடப்பட்டு, பிள்ளைகள் பாடத்துக்காகத் தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு, சிக்னல் தேடி மலையுச்சிக்கு ஏறினார்கள். பழையதைத் தூக்கிப் போடு என்று ஹற்றன் கடையில் சொல்வது இலகு. தூக்கிப் போட்டபின் அந்த இடத்தில் எதை வைப்பது?

தூக்கிப் போடப்பட்டது எங்கே போகிறது என்பதையும் கேட்க வேண்டும். 2022இல் மட்டும் உலகில் 6 கோடியே 20 இலட்சம் தொன் மின்னணுக் கழிவு சேர்ந்தது என்றும், அதில் நூற்றுக்கு 22 பங்கு அளவே முறையாகச் சேகரித்து மீள்சுழற்சி செய்யப்பட்டது என்றும் ஐக்கிய நாடுகளின் அறிக்கை கூறுகிறது. ஈயமும் பாதரசமும் கலந்த அந்தக் குப்பையைக் கையால் உடைத்துப் பிழைப்பவர்களும் ஏழைகளே. மறைந்த பாப்பரசர் பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட சுற்றுமடலில், பொருட்களைத் தூக்கியெறியும் பழக்கத்தையும் மனிதரை ஒதுக்கித் தள்ளும் பழக்கத்தையும் ஒன்றாகவே கண்டது காரணமில்லாமல் அல்ல.

திருத்துவது எப்படி?

இரு தரப்பிலும் நியாயம் இருக்கும்போது விவேகம் என்ற புண்ணியம் தேவைப்படுகிறது. விவேகம் பொதுவிதியோடு நின்றுவிடாமல், எதிரே இருக்கும் பொருளை உற்று நோக்கும். அந்த இரு இளைஞர்களும் செய்தது அதுவே.

முதலில் அவர்கள் ஒவ்வொரு கணினியிலும் எது பழுது என்று பார்த்தார்கள். இரண்டு கணினிகள் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் பல வருடங்களுக்கு முந்திய திகதியைக் காட்டின. தாய்ப்பலகையிலுள்ள மூன்று வோல்ட் பொத்தான் பற்றரி செத்துப்போனதே காரணம். திகதி பிழைத்தால் பாதுகாப்பான இணையத்தளங்கள் கணினியை நம்பாமல் மறுத்துவிடும். கம்பனி கைவிட்ட இயந்திரம் என்று கடைக்காரர் நினைத்த கோளாறு ஒரு சிறு பற்றரியோடு தீர்ந்தது. மற்றொன்று திறக்கவேயில்லை. மலைநாட்டு ஈரத்தினால் நினைவகத் தகட்டின் தொடுமுனைகளில் பாசி பிடித்ததுபோல் மங்கல் படிந்திருந்தது. பள்ளிப்பிள்ளையின் அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துடைத்துப் பூட்டியதும் அது விழித்துக்கொண்டது. சுழலும் பழைய வட்டுத்தட்டுகளை எடுத்துவிட்டு, சுழலாத எஸ்.எஸ்.டி. வட்டுகளைப் போட்டபோது வேகம் பலமடங்கு கூடியது. இரண்டு கணினிகளின் தாய்ப்பலகைகள் உண்மையாகவே போய்விட்டன. அவற்றைக் காப்பாற்ற அவர்கள் பிடிவாதம் பிடிக்கவில்லை.

அடுத்து, எதையும் அழிப்பதற்கு முன்னர், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துப் பிரதி எடுத்தார்கள். அவற்றில் ஒன்று முன்னர் பாடசாலை அலுவலகத்தில் பாவிக்கப்பட்டது. பல ஆண்டுகளின் மாணவர் விபரங்கள் அதிலே தமிழில் இருந்தன. ஆனால் 'பாமினி' எழுத்துருவில். பாமினியில் அடித்த தமிழ், உண்மையில் ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் முகமூடி போட்டதாகும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குப்பையாகவே தெரியும். 1991இலேயே யூனிகோட் முறையில் தமிழுக்குத் தனியிடம் கிடைத்தும், எமது அலுவலகங்கள் பல நெடுங்காலம் பாமினியை விடவில்லை. இளைஞர்கள் அவ்விபரங்களை யூனிகோடுக்கு மாற்றி அதிபரிடம் கொடுத்தார்கள். பிறப்பையும் படிப்பையும் நிரூபிக்கும் ஒரு தாளுக்காக அலைந்த கதை மலையகத்தில் எத்தனை குடும்பங்களுக்குத் தெரியும்! 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும், 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தமும் எம் மக்களுக்குப் பத்திரத்தின் மதிப்பைக் கசப்பாகக் கற்றுத் தந்தன. அவசரப்பட்டுத் தூக்கிப் போட்ட பெட்டியில் ஒருவரின் ஒரே அத்தாட்சி இருந்திருக்கலாம்.

கடைசியாகத்தான் இயங்குதளம். கடைகளில் கள்ளப் பிரதி மலிவாகக் கிடைக்கும். பெரிய கம்பனிக்கு இதனால் என்ன நட்டம் என்று கேட்பாரும் உளர். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் மென்பொருளையும் பாதுகாக்கிறது என்பது ஒருபுறமிருக்க, பிள்ளைகளின் முதற் பாடம் களவாக இருக்கக்கூடாது. மேலும், பூட்டை உடைத்த பிரதியோடு யார் என்ன நிரலைச் சேர்த்து அனுப்பினார் என்பது எவருக்கும் தெரியாது. அந்த இளைஞர்கள் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் பென் டிரைவ் ஒன்றிலிருந்து ஏற்றினார்கள். இரண்டு கிகாபைட் நினைவகம் இருந்தாலும் அது ஓடும். பாதுகாப்பு ஒட்டுகள் தொடர்ந்து வருகின்றன. எழுதுவதற்கும் கணக்குப் போடுவதற்கும் லிப்ரே ஒபிஸ் உண்டு. திரை முழுவதும் தமிழிலேயே தோன்றச் செய்யலாம். இதற்கும் ஓர் எல்லை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். 32 பிட் வகையைச் சேர்ந்த மிகப் பழைய கணினிகளில் ஏற்றும் வசதியை, 2025 ஓகஸ்டில் வந்த டெபியன் 13ஆம் பதிப்பு நிறுத்திவிட்டது. இலவச மென்பொருளும் எல்லாவற்றையும் என்றென்றைக்கும் சுமக்காது.

ஒட்டுப்போடுவதும் பூசி மெழுகுவதும்

பழைய ஆடையில் புதுத்துணியை ஒட்டுப்போட்டால் கிழிசல் பெரிதாகும் என்று எம் ஆண்டவர் எச்சரித்ததை வாசகர் அறிவர். எல்லாத் திருத்தமும் திருத்தமல்ல என்பதற்கு அது போதிய சான்று. ஆகவே எப்போது திருத்துவது, எப்போது பிடுங்குவது என்று அறிய வேண்டும். அந்த அறிவு எம் மலைகளில் ஏற்கனவே உண்டு. தேயிலைச் செடி வயதேறி விளைச்சல் குறைந்தால் கவ்வாத்து வெட்டுகிறார்கள். வெட்டுவதற்கு முன்னர், வேரில் மாச்சத்து இருக்கிறதா என்று அயடின் தடவிப் பார்க்குமாறு தேயிலை ஆராய்ச்சி நிலையத்தார் சொல்வார்கள். வேரில் சத்திருந்தால் வெட்டியபின் துளிர்க்கும். இல்லையேல் செடி செத்துவிடும். மலை முழுவதும் கிழடாகிவிட்டால் பிடுங்கிவிட்டு மீள்நடுகை செய்ய வேண்டும். அப்போதும் உடனே நட்டுவிடுவதில்லை. மானாப்புல்லோ குவாத்தமாலாப் புல்லோ வளர்த்து, மண்ணுக்கு ஒன்றரை இரண்டு வருடம் ஓய்வு கொடுத்த பின்னரே புதுக்கன்று. வேரைப் பாராமல் வெட்டுவதும் தவறு. நேரம் வந்தும் பிடுங்காமல் இருப்பதும் தவறு.

இப்போது அந்தத் தகப்பனின் கேள்விக்குத் திரும்புவோம். அவருடைய கோபம் கணினியைப் பற்றியது மாத்திரமல்ல என்பதை நான் தாமதமாகவே உணர்ந்தேன். அவர் பிறந்தது வெள்ளைக்காரர் காலத்து லயத்தில், பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிராவில். 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுக்குப் போயின; 1992இல் கம்பனிகளின் நிருவாகத்துக்கு வந்தன. துரைமார் மாறினார்கள், கூரைத்தகரம் மாற்றப்பட்டது, சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கப்பட்டது, காம்பிரா மாறவில்லை. அங்கே 'ரிப்பேர்' என்ற சொல், புது வீடு கட்டாமல் இருப்பதற்கான சாட்டாக நெடுங்காலம் பயன்பட்டது. ரிப்பேர் என்ற சொல்லைக் கேட்டதும் அவர் சந்தேகப்பட்டார் என்றால் அது நன்றிகெட்டதனமல்ல, அனுபவம்.

இதிலிருந்து நான் கண்ட முடிவு இதுதான். திருத்துதல் பொருளுக்காகச் செய்யப்படுவதல்ல. அதைப் பாவிக்கும் மனிதனுக்காகச் செய்யப்படுவது. பொருள் எத்தனை வயது என்பது அளவுகோலாகாது. திருத்தியபின் அந்த மனிதன் நிமிர்ந்து நிற்கிறானா என்பதே அளவுகோல். லயத்துக்குச் சுண்ணாம்பு அடித்தவர்கள் சுவரைப் பார்த்தார்கள். உள்ளே வாழ்பவரைப் பார்க்கவில்லை. தோட்டப் பாடசாலைக்கு ஓடாத கணினியைக் கொடுத்துப் பெயர்ப்பலகை மாட்டியவர்களும் அவ்வாறே. கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருந்துகொண்டு பழைய கணினிகளை மலையகத்துக்கு அனுப்பும் நல்ல உள்ளங்கள் பல உண்டு. அவர்களுக்கு ஒரு தாழ்மையான வேண்டுகோள். அனுப்புவதற்கு முன்னர் மூன்று கேள்விகளை உங்களையே கேளுங்கள். இந்தக் கணினியில் உங்கள் சொந்தப் பிள்ளையை இருத்திப் படிக்கவிடுவீர்களா? இதன் இயங்குதளத்துக்கு இன்னும் பாதுகாப்பு ஒட்டுகள் வருகின்றனவா? இது மறுபடி நின்றால் திருத்தத் தெரிந்த ஒருவர் அந்த ஊரில் இருக்கிறாரா, இல்லையேல் ஒருவரைப் பழக்க நீங்கள் உதவுவீர்களா? மூன்றுக்கும் ஆம் என்றால், அந்தக் கணினி எத்தனை பழையதானாலும் அது தானம். இல்லை என்றால், அது உங்கள் குப்பையைப் பிறர் முற்றத்தில் கொட்டுவதாகும்.

கணினியைப் பெறுபவர்களும் ஒன்றை மறக்கலாகாது. நன்றாகத் திருத்திய நான்கு கணினிகள் கிடைத்துவிட்டன என்பதற்காக, எம் பிள்ளைகளுக்குரிய புதிய கணினியையும் பயிற்றப்பட்ட ஆசிரியரையும் கேட்பதை நிறுத்த வேண்டியதில்லை. தானம் நீதிக்குப் பதிலாகாது. பசித்தவனுக்கு இன்று கஞ்சி ஊற்றுவது, நாளைய சம்பளத்தைக் குறைப்பதற்குச் சாட்டாக முடியுமா? இரண்டும் வேண்டும்.

அண்மையில் மறுபடி அந்தப் பாடசாலைக்குச் சென்றேன். நான்கு கணினிகளும் ஓடிக்கொண்டிருந்தன. ஐந்தாவதாக ஒன்று மேசைமேல் திறந்து கிடந்தது. தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் வீட்டிலிருந்து வந்த பழைய கணினியாம். பத்தாந் தரத்து மாணவி ஒருத்தி நினைவகத் தகட்டைக் கழற்றி, அழிறப்பரால் தேய்த்துக்கொண்டிருந்தாள். உனக்கு இதை யார் சொல்லித் தந்தது என்று கேட்டேன். "அன்னைக்கு அண்ணங்க செய்யும்போது பாத்துக்கிட்டு இருந்தேன் சாமி" என்றாள். அன்று கூட்டத்தில் எழுந்து கேட்ட அந்தத் தகப்பனின் மகள்தான் அவள் என்று ஆசிரியர் பின்னர் சொன்னார்.

அந்தத் தகப்பனுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அடுத்த முறை கண்டால் சொல்வேன்: "இல்லை, எப்போதும் பழசுதான் என்று இருக்கக் கூடாது. நீர் கேட்டது நியாயம். அதைத் தொடர்ந்து கேளும், நாங்களும் உம்மோடு சேர்ந்து கேட்போம். அதுவரைக்கும் உமது மகள் கையில் இருக்கும் தொழிலைச் சின்னதாக எண்ண வேண்டாம். நாளை புதிய கணினி வந்தாலும் அதுவும் ஒரு நாள் பழுதாகும். அன்றைக்கு ஹற்றன் கடைக்காரர் என்ன சொல்வார் என்று அவள் காத்திருக்க வேண்டியதில்லை."